கயிறு அறுத்த காலை

சொர்ணக்கிளியின் கை பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கிலிருந்து ஓர் இலை, இலைமேல் அளவுத் தகரம், தகரத்தைச் சுற்றி ஒரு கத்தரி ஓட்டம், வெட்டினது மடியிலிருக்கும் சொளவு முறத்துக்கு, கழிவு தரைக்கு. மறுபடியும் சாக்கிலிருந்து ஓர் இலை. கைக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம் மடியில் ஏறிய சொளவு, கல்யாணத்துக்கு மூன்று நாளும் பிரசவத்துக்கு இருபது நாளும் தவிர இறங்கினதே இல்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்யும், அவள் தன் பாட்டுக்கு எங்கேயாவது போய்த் திரும்பி வருவாள், வந்து பார்த்தால் இலை குவிந்து கிடக்கும். ஆனால் இன்றைக்கு அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அது தன் கையாகவே தெரியவில்லை. யாரோ தோளில் ஒட்டவைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது. காலையில் இதே கை, இதே கத்தரியால், இரட்டைப் பிள்ளைகள் இரண்டின் காலிலும் அடையாளத்துக்குக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டது. அறுக்க வேண்டியது சின்னவளின் சிவப்புக் கயிறு ஒன்றைத்தான். பெரியவளின் கறுப்புக் கயிறு இருக்க வேண்டும். சிவப்பை அறுத்த கை, ஓர் இலை முடிந்து அடுத்த இலைக்குப் போவதுபோல, பக்கத்தில் கிடந்த காலுக்குப் போய்க் கறுப்பையும் அறுத்துவிட்டது. துடைத்து, மாவு பூசி, சட்டை போட்டு, இரண்டையும் தொட்டிலில் போட்டு ஆட்டிவிட்ட பிறகுதான் அவள் பார்த்தாள், நாலு வெறுங்கால். இப்போது உத்தரத்தில் இரண்டு தொட்டில் தொங்குகின்றன. ஒன்றில் பெரியவள், ஒன்றில் சின்னவள். எதில் யார் என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் மாடத்தி மயினி வருகிறாள், சின்னவளைத் தவிட்டுக்கு வாங்கி, தன் பிள்ளையாக வளர்க்கக் கொண்டுபோக.

மாடத்தி மயினி சொர்ணக்கிளியின் புருஷன் கொம்பையாவுக்குக் கூடப்பிறந்த அக்காள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், பிள்ளை இல்லை, போகாத கோயில் இல்லை, குடிக்காத மருந்து இல்லை. கெட்டவள் என்று அவளைச் சொல்ல நாக்கு வராது. பிரசவத்துக்கு வந்து பதினாறு நாளும் பீத்துணி அலசினது அவள்தான். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு, “ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு, அழுதா மட்டும் ரெண்டும் ஒனக்கு” என்று பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். இந்த ஏற்பாடு ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. வயிற்றைக் கீறி எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் கொம்பையா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, “கிளி, ரெண்டுல சின்னதை எங்கக்காவுக்குக் குடுத்துருவமா, ஒரே ரத்தம்தானே” என்று கேட்டானாம். அவள் தலையை ஆட்டினாளாம். அவளுக்கு அந்தச் சாயங்காலமே நினைப்பில் கிடையாது. ஊசி மருந்தின் மயக்கத்தில் விளக்கு ஒன்று கிட்டே வந்து தூரப் போனது மட்டும் இருக்கிறது. “நீதானேட்டி தலையாட்டுன” என்று அவன் சொன்னான். “நான் பாத்தேன்லா, ரெண்டு தடவை ஆட்டுன” என்று மயினி சொன்னாள். அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, இப்போது அவளுக்கே ஞாபகம் வந்துவிட்டது. தலையணையில் தலை இரண்டு தடவை அசைவது தெரிகிறது, மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறது. ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே மூக்குத்தியைக் கழற்றி அவன் சட்டைப்பையில் கொடுத்திருந்தாள் என்பது பிறகுதான் உறைத்தது. இல்லாத மூக்குத்தி எப்படி மின்னும்? அப்படியானால் அந்தத் தலை யாருடையது? மயினி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேட்கவும் கேட்டாள். “ஏட்டி, மனசு இல்லன்னா வாயைத் தொறந்து சொல்லிப்போடு. நான் ஒண்ணும் பிள்ளை பிடிக்கிறவ இல்ல.” சொர்ணக்கிளி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். “தொறக்க மாட்டா மூதி. ஒங்கம்மை ஒனக்குப் பேச்சு சொல்லித் தரும்போது நீ தூங்கிட்டியோ?” என்று மயினியே சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். போன வாரம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனாள். தவிட்டுக்குப் போகிற பிள்ளையின் உடம்பில் பிறந்த வீட்டுக் கயிறு ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. “குளிப்பாட்டும்போதே செவப்பை அறுத்துரு, தண்ணியோட போயிரணும். நான் தவிட்டை ஒன் மடியில தட்டிட்டு, சொளவுல பிள்ளையை வாங்கிட்டுப் போயிருவேன், நீ பொறத்தால வரப்பிடாது, கேட்டியா?”

கேட்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்பாள். நாலாம் வகுப்பில் பாக்கியம் டீச்சர் ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தந்ததையும் அப்படித்தான் கேட்டாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு என்று ஆரம்பித்தால் வாய் தானாக ஓடும், சறுக்கு மரத்தில் உட்கார்ந்த மாதிரி. நடுவில் மறித்து “எட்டேழு?” என்று டீச்சர் கேட்டால் ஒன்றும் இருக்காது, அழித்துப் போட்ட கரும்பலகை மாதிரி வெறும் பலகை. அவள் உதட்டுக்குள் ஓரேழிலிருந்து தொடங்கி ஓடி வந்து ஏழேழைத் தாண்டியதும் அம்பத்தாறு தானாகக் கையில் வந்து விழும். அதையே இப்போதும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. காலையை நடுவில் பிடிக்கக் கூடாது. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வர வேண்டும். வீட்டுக்காரர் வாழைத்தார் ஏற்றுகிற லாரிக்குப் போனாவ. அடுப்பில் வெந்நீர். எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெய். இரண்டு பிள்ளைகளையும் பாயில் கிடத்தியாச்சு. முற்றத்தில் பலகை போட்டு, காலை நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு, முதலில் பெரியவளை எடுத்துக் காலில் போட்டு. எப்போதும் பெரியவளைத்தான் முதலில் குளிப்பாட்டுவாள். எண்ணெய், கடலைமாவு, வெந்நீர், தலைக்கு, முதுகுக்கு, மூக்கைப் பிடித்து, தொடையைப் பிடித்து. துணியில் சுற்றிப் பாயில். அப்புறம் சின்னவள். எண்ணெய், கடலைமாவு, வெந்நீர். அப்புறம் கத்தரி. அங்கே வந்ததும் கரும்பலகை வெறுமையாகிவிடுகிறது. கத்தரிக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளையும் சட்டை போட்டுத் தொட்டிலில் கிடக்கின்றன. நடுவில் எதுவும் இல்லை. மறுபடியும் ஓரேழிலிருந்து. லாரி, வெந்நீர், கிண்ணம், பாய், பலகை, பெரியவள், சின்னவள், கத்தரி. வெறும் பலகை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவள் அங்கே இல்லை. கை பிள்ளைகளிடம் இருந்தது, அவள் நினைப்பில் இரண்டு மணிக்குப் போய்விட்டிருந்தாள். வாசலில் மயினி நிற்கிறாள், இவள் நேரே அவள் முகத்தைப் பார்த்து, ‘எனக்கு மனசு இல்ல மயினி’ என்று சொல்கிறாள். இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மெதுவாக ஒரு தடவை, கொஞ்சம் அழுத்தி ஒரு தடவை, ‘கோவிச்சுக்காதீங்க’ என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்து ஒரு தடவை. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் வாசலில் போய் நிற்கும்போது வாய் வராது என்பதும் தெரிந்துகொண்டே இருந்தது. ஆகையால் இது மறதி இல்லை. வைத்ததைத் தொலைத்தால்தான் மறதி. அவள் வைக்கவே இல்லை. வைக்காத பொருளைப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, நூல்கண்டு இருந்தா ஒண்ணு தாயேன், சாயங்காலம் தாரேன்.” அடுத்த வீட்டு ரெஜினாக்கா நடை தாண்டி உள்ளே வந்துவிட்டாள். அவளும் பீடிக்காரிதான், நகக்கண்ணெல்லாம் தூள் ஏறிக் கறுத்த கை. சொர்ணக்கிளி நூல்கண்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா போகவில்லை. முதல் தொட்டிலை விலக்கி எட்டிப் பார்த்தாள், அடுத்த தொட்டிலை விலக்கி எட்டிப் பார்த்தாள், மறுபடி முதல் தொட்டில். “மாதாவே, ஒரே அச்சுல்லா. ஒண்ணைப் பாத்துட்டு ஒண்ணைப் பாத்தா கண்ணு கெறங்குது. இன்னைக்குத்தானே கூட்டிட்டுப் போறாவ? எதுட்டி போறது?” சொர்ணக்கிளியின் கத்தரி நின்றது. தன் தலை தானாக ஒரு பக்கம் சாய்வதை அவள் பார்த்தாள். வாசலோரத்துத் தொட்டில். ஏன் அது என்று அவளுக்கே தெரியவில்லை. “இதுவா?” என்று ரெஜினாக்கா அந்தத் தொட்டிலுக்குள் குனிந்து, “போயிட்டு வாளா, மகராசி. அங்க போயி எங்களை மறந்துராத” என்றாள். அப்புறம் இவளைப் பார்த்து, “நமக்குத்தான் கண்ணு கெறங்கும். பெத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருட்டுல மோந்து பாத்தே சொல்லிருவா” என்று சிரித்தாள். சொர்ணக்கிளியும் சிரித்தாள். “ஒன் மயினி நல்ல பொம்பளைதான், கவலைப்படாத. மூணு மாசப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அது நாளைக்கே எல்லாம் மறந்துரும்.” நூல்கண்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் போன பிறகும் அந்தத் தலைசாய்ப்பு வீட்டுக்குள்ளேயே நின்றது. கேட்டதும் சாய்ந்ததே, காரணம் இல்லாமலா சாய்ந்திருக்கும்? உள்ளே எங்கேயோ தெரிந்துதான் சாய்ந்ததோ? இல்லை, ஆஸ்பத்திரியில் ஆடிய தலை மாதிரி இதுவும் தன் பாட்டுக்கு ஆடியதோ? இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவளே நம்பிவிடுவாள். வாசலோரத்துத் தொட்டில்தான் சின்னவள் என்று ரெஜினாக்கா சொல்வாள், மயினி சொல்வாள், இவளும் சொல்வாள், சிவப்புக் கயிறு அந்தக் காலில் கிடந்தது கண்ணுக்கு முன்னால் தெரியவும் ஆரம்பிக்கும்.

மோந்து பார்த்தாள். எழுந்து போய் இரண்டு தொட்டிலிலும் தலையை விட்டு, கழுத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னே. இரண்டிலும் எண்ணெய், மாவு, பால். அவள் கையில் புகையிலை வாடை. முன்பெல்லாம் பெரியவளின் தொட்டில் நீலச்சேலை, அடுப்பங்கரைப் பக்கம். சின்னவளுடையது பச்சை, வாசல் பக்கம். விருந்தாள் வருகிறாளே என்று நேற்று இரண்டையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கொம்பையாவின் வேட்டி இரண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். வெள்ளை, வெள்ளை. நீலத்தைப் பார்த்தால் கை தானாகப் பெரியவளைக் கொண்டுபோய் நீலத்தில் போடும். வெள்ளையில் யாரைப் போடும்? வலது மார்பு பெரியவளுக்கு, இடது சின்னவளுக்கு என்று வைத்திருந்தாள். அதையும் தூங்கும் முன்னே மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று, இரண்டும் எந்தப் பக்கம் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தன. ஒன்றின் காதுமடலுக்குக் கீழே மச்சம் இருக்கிறது என்று மயினி ஒரு நாள் சொன்ன ஞாபகம். பார்த்தால் இரண்டு காதிலும் இல்லை. சொன்னது மயினிதானா, வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ வேறு யாரோ சொன்னதா? “சந்தனமாரி” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அது பெரியவளின் பேர். சின்னவளுக்குப் பேர் கிடையாது, இருக்கவும் கூடாது. இரண்டு தொட்டிலும் அசையவில்லை. “சந்தனமாரி.” அப்போது இரண்டு பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் விக்கல் எடுத்தது. ஒரு விக்கல், ஒரே ஒரு விக்கல், அத்தோடு நின்றுவிட்டது. உச்சிவேளை. தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் ஒரு காசு மாதிரித் தரையில் கிடந்தது. காற்று இல்லாத வீட்டில் இரண்டு தொட்டிலும் ஒரே போக்காகப் போய் ஒரே போக்காக வந்தன. யார் ஆட்டினது? தலையை விட்டுப் பார்த்தபோது தன் தோள் பட்டிருக்கும். பட்டதா? வீட்டில் இருப்பது ஒரே பிள்ளைதானோ, தன் கண்தான் கண்ணாடி மாதிரி அதை இரண்டாகக் காட்டுகிறதோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படியானால் இன்றைக்கு மயினி தூக்கிக்கொண்டு போன பிறகு மிச்சம் இருக்கப்போவது எது?

அவள் சட்டென்று வந்து உட்கார்ந்து சொளவை மடியில் இழுத்துக்கொண்டாள். வெட்டினது போதும், சுற்றலாம். இலையில் தூள் வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, வாயை மடித்து. கையைச் சும்மா விட்டால் பயம். லாரி, வெந்நீர், கிண்ணம், பாய், பலகை. இந்தத் தடவை கிண்ணம் பித்தளையாக இருந்தது. வீட்டில் பித்தளைக் கிண்ணமே இல்லை. அது அம்மை வீட்டுக் கிண்ணம், அம்மை செத்த வருஷம் பங்கு பிரித்தபோது அக்காளுக்குப் போய்விட்டது. அது எப்படி இன்றைக்குக் காலையில் வந்து உட்கார்ந்தது? சரி, கிண்ணத்தை விடு. பெரியவள், சின்னவள், கத்தரி. இந்தத் தடவை வெறும் பலகை இல்லை, ஏதோ தெரிந்தது. முற்றத்தில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், கொண்டை அவிழ்ந்து கிடக்கிறது, ரவிக்கையின் முதுகில் ஈரம், பாயில் இரண்டு பிள்ளை, கையில் கத்தரி. சிவப்பு அறுபடுகிறது. சொர்ணக்கிளி உற்றுப் பார்த்தாள். சுவர்ப் பக்கத்துப் பிள்ளையின் காலில் சிவப்பு. ஆகச் சுவர்ப் பக்கம் கிடந்தது சின்னவள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தபோதுதான் அடுத்தது தைத்தது. அந்தப் பெண் யார்? அவளுடைய முதுகு. தன் முதுகைத் தானே எப்படிப் பார்த்திருக்க முடியும்? நடைப்படியில் நின்ற யாரோ பார்த்தது இது. காலையில் வீட்டில் யாரும் இல்லை. மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை சுவர்ப் பக்கத்துப் பிள்ளையின் காலில் கறுப்பு இருந்தது, அதுவும் அதே தெளிவோடு, அதே ஈர முதுகோடு. அம்மன்கோயில் வாசலில் ஒரு கல் உண்டு, எல்லாரும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஒற்றி, மூக்கும் முழியும் தேய்ந்து வெறும் வழுவழுப்பாகிவிட்ட கல். தொட்டவர்கள் எல்லாரும் பக்தியாகத்தான் தொட்டார்கள். அவளும் இந்தக் காலையைத் தொட்டுத் தொட்டே தேய்த்துவிட்டாள். தொடாமல் விட்டிருந்தால் இன்னும் ஒரு மூக்காவது மிஞ்சியிருக்குமோ என்னவோ.

மறப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மையை மறந்த கதை அவளிடம் இருந்தது. செத்து இரண்டு வருஷம். முதலில் குரல் போயிற்று. ஒரு நாள் கூப்பிடுகிற மாதிரி நினைத்துப் பார்த்தால் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அப்புறம் நடை போயிற்று. முகம் இருக்கிறது, ஆனால் அது ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவின் முகம், அந்தப் போட்டோவில் அம்மை யாரோ அதட்டினது மாதிரி முழித்துக்கொண்டிருப்பாள். உள்ளதை மறந்து போட்டோவைத்தான் வைத்திருக்கிறாள். ஆகையால் பார்க்காமல் இருந்தால் முகம் தங்காது, கூப்பிடாமல் இருந்தால் பேர் தங்காது, பேர் இல்லாவிட்டால் மாட்டிவைக்க ஆணி இல்லை, தானாகக் கீழே விழுந்துவிடும் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எண்பத்து மூன்று நாளாக அதைத்தான் சின்னவளிடம் செய்துவந்தாள். பால் கொடுக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள். மடியில் போட்டு வாயில் காம்பை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதோ ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர், தேதித் தாள் கிழிக்காமல் மார்கழியிலேயே நிற்கும். பிள்ளை குடித்து முடித்துக் காம்பை விடுகிறவரை காலண்டர். இத்தனைக்கும் பெரியவளை எடுத்தால் கொஞ்சாமல் இறக்க மாட்டாள், கண்ணு, மூக்கு, தொப்புள், உள்ளங்கால். ஆனால் கொஞ்சும் முன்னே காலைப் பார்த்துக்கொள்வாள், கறுப்புதானா என்று. அதை நினைத்ததும் பீடிக்குள் தூளை அமுக்கிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. எண்பத்து மூன்று நாள் முத்தம் கொடுத்தது ஒரு முகத்துக்கு இல்லை, ஒரு கயிற்றுக்கு. கயிறு குளித்த தண்ணீரோடு போனதும் முத்தமும் சாக்கடையோடு போய்விட்டது. இப்போது மாறிப்போனால் என்ன ஆகும்? கொஞ்சினது மயினியோடு போய்விடும், முகம் பார்க்காதது இங்கே இருந்துகொண்டு ‘அம்மா’ என்று கூப்பிடும். இல்லை, மாறாமல் சரியாகவே போனாலும் அது அவளுக்குத் தெரியாது. ஆயுசுக்கும் தெரியாது. இருக்கிறதைத் தூக்கும்போதெல்லாம் இதுவா அது என்று தோன்றும். மயினி வீட்டுக்குப் போய் அங்கே ஒரு சிறுமி ஓடிவந்து ‘அத்தை’ என்று நிற்கும்போதும் தோன்றும். யாரிடமும் சொல்ல முடியாது. பெற்றவளுக்கே தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அப்புறம் ஒரு நாள் அவளும் மறந்துபோவாள். மாறிப்போயிருக்கலாம் என்பதையே மறந்துபோவாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அப்போது இந்த மத்தியானம் நடக்கவே நடக்காத மத்தியானமாகிவிடும்.

வாசலோரத்துத் தொட்டிலில் ஒரு காலுதைப்பு. பின்னாலேயே அடுப்பங்கரைப் பக்கமும் ஒன்று. இரண்டும் முழித்துக்கொண்டன. அழவில்லை. அவள் சொளவைத் தள்ளிவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, அடுப்பங்கரைத் தொட்டிலில் இருந்ததை முதலில் தூக்கி மடியில் போட்டு ரவிக்கையை விலக்கினாள். மணி ஒன்றரை இருக்கும். பஸ் ஆலங்குளம் ரோடு பிரிகிற விலக்கைத் தாண்டியிருக்கும். பிள்ளை குடித்தது. குடித்துக்கொண்டே கறுத்த கண்ணை உருட்டி அவள் முகத்தைப் பார்த்தது, ஒரு கையைத் தூக்கி அவள் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் சிரித்ததும் காம்பை விட்டுவிட்டு வாயோரம் பால் ஒழுகச் சிரித்தது. போதும் என்று அதை இறக்கிப் பாயில் விட்டு, வாசலோரத்துப் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டாள். அதுவும் குடித்தது. அவளும் அதன் முகத்தைப் பார்த்தாள், இந்தத் தடவை நன்றாக, குனிந்து, ஏதாவது தெரியாதா என்று. பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தலையை ஒருக்களித்து, கண்ணைத் திருப்பி, சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தது. அவள் அதன் கண் போன வழியில் பார்த்தாள். காலண்டர். கன்னத்தில் கை வைத்துத் தன் பக்கம் திருப்பினாள். திரும்பியது. கையை எடுத்ததும் மறுபடி அங்கேயே போயிற்று. இன்னொரு தடவை திருப்பினாள். மறுபடி அங்கேயே. பால் குடிக்கிறதென்றால் அங்கே பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அம்மை என்றால் அங்கே பார்க்கிறவள், ஆகையால் தானும் அங்கே பார்க்க வேண்டும் என்று அது எண்பத்து மூன்று நாளாகப் படித்திருக்கிறது. மூணு மாசப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றாளே ரெஜினாக்கா. இவள் மறக்கப் பாடுபட்ட ஒவ்வொரு நாளையும் இது ஒன்று விடாமல் வைத்திருக்கிறது. இதுதான் சின்னவள். தன் தலை சாய்ந்து காட்டிய தொட்டில்தான். உள்ளே எங்கேயோ தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துவிட்டது, இனிச் சரியான பிள்ளையைச் சரியாகத் தூக்கிக் கொடுக்கலாம் என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டே இது மயினியின் தோளில் போகும். அந்த வீட்டிலும் ஒரு சுவர் இருக்கும். அங்கே யார் மடியில் கிடந்தாலும் அது சுவரைத்தான் தேடும், ஏனென்று அதற்கும் தெரியாது, மயினிக்கும் தெரியாது. எல்லாம் மறந்து பள்ளிக்கூடம் போய்க் கல்யாணம் ஆன பிறகும், ஒரு முகம் கிட்டே வந்தால் பக்கத்துச் சுவருக்குக் கண் போய்விடும். கையைப் போலத்தான். கண்ணும் தன் பாட்டுக்குச் செய்யும்.

போன வாரம் மயினி ரகசியம் மாதிரிச் சொன்னாள். “பேரு ஒண்ணு மனசுக்குள்ள வச்சிருக்கேன், யார்ட்டயும் சொல்ல மாட்டேன். தூக்கின கையோட காதுல மூணு தடவை சொல்லிருவேன். மூணு தடவை யாரு பேரு சொல்லுதாளோ அவளுக்குத்தான் பிள்ளை. அதுக்குப் பொறவு சாமி வந்து கேட்டாலும் குடுக்க வேண்டாம்.” சொர்ணக்கிளியிடம் பேர் எதுவும் இல்லை. யோசிக்கக் கூடாது என்றே யோசிக்காமல் வைத்திருந்தாள். ஆனால் வாய்க்குள் ஒரு பேர் இருந்தது, எப்போதிலிருந்தோ இருப்பதுபோல. யாருடைய பேர், எங்கே கேட்டது, அம்மை சொன்னதா, கூடப் படித்தவளா, ஒன்றும் தெரியவில்லை, ஒரு முகமும் கூட வரவில்லை. வாசலில் நின்று மயினியிடம் நேருக்கு நேர் சொல்ல அவளுக்கு வாய் கிடையாது, இது அவளுக்கே தெரியும். காதுக்குள் சொல்ல வாய் உண்டு. அவள் குனிந்தாள். “மனோரஞ்சிதம்.” தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. பிள்ளை காலண்டரைப் பார்த்துக்கொண்டே குடித்தது. தெருமுனையில் பஸ் வந்து நிற்கிற சத்தம், ஆட்கள் இறங்குகிற சத்தம், யாரோ கோழியை விரட்டுகிற சத்தம். “மனோரஞ்சிதம்.” பிள்ளை குடிப்பதை நிறுத்தியது. காம்பு வாயில் இருக்க, கண் மெதுவாகச் சுவரை விட்டு இறங்கி, அலமாரி, அரிசிப்பானை, அவள் தோள், கழுத்து என்று தடவித் தடவி வந்து அவள் கண்ணில் நின்றது. யாரென்று கேட்பதுபோலப் பார்த்தது. பாயில் கிடந்த பெரியவள் எதற்கோ கெக்கலித்தாள். நடையில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, தவிட்டுச் சொளவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “ஏட்டி கிளீ, எங்கட்டி இருக்க? வேர்த்து ஊத்துது, ஒரு செம்பு தண்ணி கொண்டா, அப்படியே எம்பிள்ளையையும் தூக்கிட்டு வா” என்று மாடத்தி மயினி கூப்பிட்டாள், சொர்ணக்கிளி எழுந்திருக்கவில்லை, பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு இழுத்து, அதன் காதில் உதடு படும்படி வாயை வைத்து, மூன்றாம் தடவையாக, “மனோரஞ்…”